கையிருப்பு

முதலில் எண்ணு.
யார் கையில் எத்தனை மிச்சம்?
பதினோரு வருடமாக ஸ்டோர்கீப்பர் நான்.
நட்டு, போல்ட்டு, கேஸ்கெட்,
ஒன்று குறைந்தாலும் இரவில் தூக்கம் வராது.
ஆனாலும் இந்த ஆட்டத்தில்
எண்ண மறந்துதான் ஒரு மாதம் தோற்றேன்.

சோஹார். தொழிற்பேட்டை.
டயர்க்கடைக்குப் பின்னால்
லாரிகள் திரும்புகிற சரளைத் தரை.
வியாழன் இரவு ஒன்பதரைக்கும்
ஈரத்துண்டு போல முகத்தில் ஒட்டுகிற காற்று.
எங்கள் சோடிக்கு ஆறு எஃகுப் பந்து, அவர்களுக்கு ஆறு,
நடுவே நெல்லிக்காய் அளவில் ஒரு மரக்குண்டு.
பெத்தாங்கில் அதற்குப் பன்றிக்குட்டி என்று பெயராம்.
சொல்லிவிட்டு
மொன்செஃப் நாக்கைக் கடித்துக்கொண்டான்.
அன்றிலிருந்து வெறும் குட்டி.

குட்டிக்குப் பக்கத்தில் யார் பந்தோ
அவர்கள் கைகட்டி நிற்கலாம்.
மற்றவர்கள் எறியவேண்டும்,
நெருங்கும் வரை, இல்லை
கை காலியாகும் வரை.

அண்டு, அடி.
இரண்டே வினைச்சொல்.
எனக்கு இரண்டாவது மட்டும்தான் பிடித்திருந்தது.
இரும்பில் இரும்பு மோதும் அந்த ஒரு சத்தத்துக்காக
டயர்க்கடை ஷட்டரில்
எத்தனை பள்ளம் போட்டேன் என்று
கடைக்கார குல்ஃபராஸிடம் கேளுங்கள்.
எதிராளியின் பந்து ஒரு முழம் தள்ளி நிற்கும்.
பக்கத்தில் மெதுவாக ஒன்றை வைத்தால் போதும்.
நான் அடிப்பேன்.
படாது.
திரும்ப அடிப்பேன்.
என் கை காலி, அவர்களிடம் இன்னும் நான்கு.

ஜெயசீலி அடிப்பதே அபூர்வம்.
காரைக்கால்காரி, டயாலிசிஸ் நர்ஸ்,
டியூட்டி முடிந்து அதே ஷூவோடு வருவாள்.
பந்து நிற்கப்போகும் இடத்தைப் பார்க்கவே மாட்டாள்,
விழப்போகும் இடத்தைப் பார்ப்பாள்.
ஏசித் தண்ணீர் சொட்டி இறுகிய ஒரு திட்டு,
உள்ளங்கை அகலம்.
அதில் விழுந்தால் உருளும்,
ஒரு விரல் தவறினால் சரளை விழுங்கும்.
நான் குட்டியை முறைத்துக்கொண்டிருப்பேன்.
அவள் தரையோடு பேசி முடித்திருப்பாள்.

போன வாரம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
எங்கள் பந்துதான் அருகில்.
ஜெயசீலியும் ரகோத்துவும் வெறுங்கை.
என்னிடம் ஒன்று.
ஜெயித்தாகிவிட்டது, இருந்தாலும்
அழகாக முடிக்கவேண்டும் என்று ஓர் ஆசை.
பந்து போய் எங்கள் பந்தையே தட்டி
அது குட்டியைத் தட்டி
குட்டி உருண்டு உருண்டு
ரகோத்துவின் பந்தை ஒட்டி நின்றது.
அவன் சிரிக்கக்கூட இல்லை. பாவம் பார்த்தான்.
அதுதான் தாங்கவில்லை.

இன்றைக்குப் பன்னிரண்டுக்குப் பதினொன்று.
டேப்பை நீட்டி மொன்செஃப் அளந்தான்,
இரண்டு விரல் வித்தியாசம், எங்களுக்கு.
அவர்கள் கை காலி.
என்னிடம் ஒன்று.
அடி அடி என்று மூன்று மொழியில் கத்துகிறார்கள்,
டீக்கடைப் பையன் கிளாஸைத் தட்டுகிறான்.
எறியாமல் விட விதி இல்லை.
எங்கே எறியலாம் என்பதற்கும் விதி இல்லை.

வட்டத்துக்குள் இரண்டு காலும் ஊன்றி
ஒருமுறை எண்ணினேன்.
குட்டிக்கு முதுகு காட்டாமல், ஆனால்
குட்டியைப் பார்க்காமல்
இடதுபுறம், இருட்டுக்குள்,
முழுக் கையால் வீசினேன்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை.
பிறகு ஜெயசீலி மட்டும்
"ம்" என்றாள்.

மற்றவர்கள் டீக்குப் போய்விட்டார்கள்.
நான் தண்ணீர் டேங்கருக்கு அடியில்
வயிற்றில் ஊர்ந்து
செல்போன் வெளிச்சத்தில் தேடுகிறேன்.
கிரீஸ், ஒரு செருப்பு, பூனை.
பதினொன்று இருக்கிறது.
ஒன்று குறைகிறது.